பூசணம் பூத்த பொன்

கடையிலிருந்து வாங்கி வந்த திராட்சைக் குலையில் நாலைந்து பழங்கள் சுருங்கிப் போய், அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்? குலையை எடுத்துக் குப்பையில் போடுவார்கள். பார்த்து வாங்கத் தெரியாத ஆண்பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தையும் சொல்வார்கள். அது நியாயந்தான். ஆனால், பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சிறிய பிரதேசம் இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் திராட்சைத் தோட்டக்காரன் ஒவ்வொரு நாள் காலையிலும் கொடிகளுக்கு இடையே நடந்து, "பூசணம் வந்து விட்டதா?" என்று ஆவலோடு பார்க்கிறான். வராவிட்டால் அவன் முகம் வாடுகிறது. வந்து விட்டால் வீட்டுக்கு லட்சுமி வந்தது போல் மகிழ்கிறான்.

அந்தப் பிரதேசத்துக்கு சோத்தேர்ன் என்று பெயர். அங்கே உண்டாகும் இனிப்பான திராட்சை மதுவுக்கும் அதே பெயர்தான். உணவின் முடிவில், நாம் பாயசம் சாப்பிடுவது போல, பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பருகுகிறார்கள். அதில் தலைசிறந்தது ஷாத்தோ திக்கெம் என்ற மாளிகைத் தோட்டத்தில் தயாராவது. 1811-ஆம் வருஷத்துத் திக்கெம் புட்டி ஒன்று 2011-ல், அதாவது இருநூறு வருஷங்களுக்குப் பிறகு, லண்டனில் எழுபத்தையாயிரம் பவுனுக்கு விலைபோயிற்று. வெள்ளை ஒயின் புட்டி ஒன்றுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை அது.

"குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். குடிக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. கோவிலுக்குப் போகாதவனும் கோபுரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? அது போல்தான் இதுவும். மேலும், இந்த மதுவின் சரித்திரத்துக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு பெரிய கண்டுபிடிப்பின் புகழ் யாருக்குச் சேரவேண்டும் என்ற வழக்கு. நியாயம் கேட்க வந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் வழக்கு வழக்குத்தான்.

முதலில் இடத்தைப் பார்த்து விடுவோம். போர்தோ நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், கரோன் நதியின் இடது கரையில் ஐந்து கிராமங்கள் இருக்கின்றன. சோத்தேர்ன், பார்சாக், பொம், ஃபார்க், பிரெய்ஞாக் என்பவை அவை. கரோன் பெரிய நதி. அதன் நீர் கொஞ்சம் வெதுவெதுப்பானது. சிரோன் என்று ஒரு சின்ன ஆறு, அடர்ந்த பைன் காடுகளின் நிழலில் ஓடி வந்து அதில் கலக்கிறது. வெயில் படாமல் வருவதால் அதன் நீர் ஜில்லென்று இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தக் குளிர்ந்த நீரும் அந்த வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் இடத்தில், இரவில் மூடுபனி எழும்புகிறது. விடியற்காலையில் தோட்டம் முழுவதும் பனி மூட்டம். பத்து பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்து பனியை விரட்டிவிடும். பிற்பகலில் நல்ல காய்ச்சல். காலையில் ஈரம், பிற்பகலில் வெயில். இந்த இரண்டும் மாறி மாறி வருவதில்தான் எல்லா ரகசியமும் அடங்கியிருக்கிறது.

அந்த ஈரத்தில் போட்ரிடிஸ் சினெரியா என்ற பூசணம் திராட்சையைப் பற்றிக்கொள்கிறது. அது பழத்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது. பிற்பகல் வெயிலில் அந்தத் துளைகளின் வழியே பழத்திலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுகிறது. சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. பழம் முதலில் புள்ளி புள்ளியாகிறது. பிறகு பழுப்பும் ஊதாவும் கலந்த நிறமாகிறது. கடைசியில் சுருங்கி, நெருப்பில் வாட்டியது போல் ஆகிவிடுகிறது. இந்தக் கடைசி நிலைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்கே "வறுபட்டது" என்றுதான் அர்த்தம். பூசணம் சும்மா துளை போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. பழத்தின் புளிப்பில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடுகிறது. வழுவழுப்பான கிளிஸரினை உண்டாக்குகிறது. முன்பு இல்லாத வாசனைகளையும் சேர்க்கிறது. உலர்ந்த திராட்சைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வெயில் மட்டும் செய்திருந்தால் அது கிஸ்மிஸ் பழமாகி இருக்கும்.

இந்த அழுகலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சூட்டியிருக்கும் பட்டம் "உத்தமமான அழுகல்". அழுகலிலும் உத்தமம், மத்திமம், அதமம் உண்டு போலிருக்கிறது! உண்டுதான். மழை விடாமல் பெய்து வெயிலே வராவிட்டால், இதே பூசணம் குலை முழுவதையும் சாம்பல் நிறமான கூழாக்கிப் புளிக்கவைத்துவிடும். அப்போது அதற்குப் பட்டமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. உத்தமனுக்கும் துஷ்டனுக்கும் நடுவே நாலு நாள் மழைதான் வித்தியாசம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பூசணம் ஒரு குலையின் எல்லாப் பழங்களையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. இன்றைக்கு ஐந்து பழம், நாலு நாள் கழித்து எட்டுப் பழம் என்று அதன் இஷ்டம்போல் பரவும். ஆகவே, பறிப்பவர்கள் கையில் சின்னக் கத்தரியோடு கொடி கொடியாகப் போய், பக்குவமானதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட்டு வரவேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் போகவேண்டும். சாதாரணமாக ஐந்தாறு தடவை. சில வருஷங்களில் அதற்கும் மேல். செப்டம்பரில் ஆரம்பிக்கும் அறுவடை நவம்பர் வரை இழுத்துக்கொண்டு போகும். மற்ற தோட்டங்களில் ஒரு கொடியின் பழத்திலிருந்து ஒரு புட்டி ஒயின் கிடைக்கும் என்றால், திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம்தான் கிடைக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள்.

அந்த ஒரு கிண்ணமும் எல்லா வருஷமும் நிச்சயம் இல்லை. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய பத்து வருஷங்களில் திக்கெம் என்ற பெயரோடு ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. அவற்றில் பெரும்பாலான வருஷங்களில் கொடி காய்க்காமல் இல்லை. ஆட்கள் வேலை செய்யாமலும் இல்லை. விளைந்தது பெயருக்குத் தகுந்ததாக இல்லை என்று வீட்டுக்காரர்களே தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷத்து வருமானத்தைத் தன் கையாலேயே தள்ளுவதென்றால் அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். எழுத்தாளர்களாகிய எங்களில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும் என்று சொல்ல முடியாது.

இனி வழக்குக்கு வருவோம். அழுகின பழத்திலிருந்து அமுதம் எடுக்கலாம் என்று முதலில் கண்டவர் யார்?

திக்கெம் மாளிகையைப் பற்றிப் பரம்பரையாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. 1847-ஆம் வருஷம். மாளிகையின் எஜமானரான லூர்-சாலூஸ் பிரபு ருஷ்ய தேசத்துக்குப் போயிருந்தார். "நான் திரும்பி வரும்வரை அறுவடையைத் தொடக்கூடாது" என்பது அவர் உத்தரவு. அவர் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் பழமெல்லாம் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. "சரி, இருப்பதைப் பிழியுங்கள்" என்றார். பிழிந்தார்கள். தேவாமிர்தமாக இருந்தது!

நல்ல கதை. ஆனால், இதே கதை வேறு ஊர்களிலும் இருக்கிறது. பக்கத்திலேயே லா தூர் பிளான்ஷ் என்ற தோட்டத்தில், 1836-ல் ஃபோக்கே என்ற முதலாளி, மழை ஓயட்டும் என்று காத்திருந்ததால் இது தற்செயலாகத் தெரிய வந்ததாம். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள யோஹானிஸ்பெர்க் மடத்தில், அறுவடைக்கு அநுமதிச் சீட்டு வாங்கிவரப் போன குதிரைக்காரன் 1775-ல் தாமதமாக வந்து சேர்ந்தானாம். அதற்குள் பழம் அழுகிவிட்டதாம். அந்தக் குதிரைக்காரனுக்கு அங்கே சிலைகூட வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியில் டோகாய் பிரதேசத்திலோ, துருக்கியர் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில், லாட்ஸ்கோ என்ற பாதிரியார் அறுவடையைத் தள்ளிப்போட்டார் என்று கதை. பிரபுவின் பிரயாணம், மழை, குதிரைக்காரன், துருக்கியர்! பாத்திரங்கள் வேறு, கதை ஒன்றுதான். யாரோ ஒருவர் தாமதமாக வருகிறார், பழம் அழுகுகிறது, உலகத்துக்கு ஓர் அற்புதம் கிடைக்கிறது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கண்டதும் ஒரு சந்தேகம் வந்துவிடும். நாலு ஊரில் நாலு பேர் ஒரே கதையைச் சொன்னால், அது நடந்தது என்பதைவிட, சொல்லச் சௌகரியமாக இருந்தது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. தற்செயல் என்பது கதாசிரியனுக்கு ஆபத்துக்கு உதவும் நண்பன். கதையில் முடிச்சு விழுந்து அவிழாவிட்டால், எங்கிருந்தோ ஒரு தந்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம். இந்தக் கதைகளிலும் அந்தத் தந்திச் சேவகன் வேலையைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

பத்திரங்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. டோகாய் பிரதேசத்தில், பூசணம் பிடித்துச் சுருங்கிய பழத்தால் செய்த மதுவின் பெயர் 1571-ஆம் வருஷத்துச் சொத்துப் பட்டியல் ஒன்றிலேயே காணப்படுகிறது. பாதிரியார் கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலம் அதற்கு அடுத்த நூற்றாண்டு. சோத்தேர்னிலோ, 1666-ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. திக்கெம் தோட்டத்தின் நிலச்சுவான்தாரும் குடியானவர்களும் அறுவடையைப் பற்றிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. பொம், சோத்தேர்ன் கிராமங்களில் அக்டோபர் நடுவுக்கு முன்பு அறுவடை செய்யும் வழக்கம் இல்லை என்று அதில் கண்டிருக்கிறது. ஆக, ருஷ்யாவுக்குப் போன பிரபு பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, அந்த ஊர்க் குடியானவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. தாமதம் தற்செயல் அல்ல, அது வழக்கம். சட்டத்தில் எழுதிவைக்கும் அளவுக்கு ஊறிப்போன வழக்கம்.

அந்த வழக்கத்துக்குக் கூட்டாளிகளும் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து வியாபாரிகள் இந்தக் கரைக்குக் கப்பல் கப்பலாக வந்தார்கள். குளிர் தேசத்து ஜனங்களுக்கு இனிப்பான வெள்ளை மது பிடித்திருந்தது. கேட்கிறவன் இருந்தால் செய்கிறவன் செய்வான் அல்லவா? பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகை போட்டால், மது கெடாமல் நீண்ட பிரயாணத்தைத் தாங்கும் என்ற வித்தையையும் பரப்பியவர்கள் அவர்கள்தாம்.

அப்படியானால் இந்த விஷயம் ஏன் இவ்வளவு காலம் மூடி மூடிக் கிடந்தது? ஊகந்தான் செய்ய முடியும். ஆனால் கஷ்டமான ஊகம் இல்லை. "எங்கள் சரக்கு அழுகின பழத்தில் செய்தது" என்று எந்த வியாபாரி பலகை மாட்டுவான்? பிறகு ஒரு நாள் அழுகல் புகழாகிவிட்டது. அப்போது ஒரு பிறப்புக் கதை தேவைப்பட்டது. குடியானவனின் அநுபவம் கதைக்கு எடுப்பாக இல்லை. பிரபுவின் பிரயாணம் எடுப்பாக இருந்தது.

இந்தக் கதையில் விடுபட்டுப்போனவர்கள் குடியானவர்கள் மட்டும் அல்ல. ஒரு பெண்மணியும் இருக்கிறாள்.

அக்கிதேன் நாட்டு இளவரசி எலியனோர் 1152-ல் ஹென்றியை மணந்தாள். ஹென்றி இங்கிலாந்துக்கு அரசனானதும் இந்தச் சீமை முழுவதும் ஆங்கில அரசர்கள் கைக்குப் போயிற்று. 1453 வரையில் அவர்களிடமே இருந்தது. பிறகு பிரெஞ்சு அரசனிடம் வந்தது. 1593-ல் ஜாக் சோவாஜ் என்பவர் திக்கெம் நிலத்துக்குப் பாத்தியதை பெற்றார். அவருடைய வம்சத்தில் வந்தவள் பிரான்சுவாஸ் ஜோசபின். 1768-ல் பிறந்தாள். 1785-ல் லூர்-சாலூஸ் குடும்பத்துக் கோமகன் ஒருவரை மணந்தாள். பதினைந்தாம் லூயி மன்னரே ஞானத் தந்தையாக இருந்த மாப்பிள்ளை அவர். தோட்டம் பெண் வீட்டுச் சீதனமாக லூர்-சாலூஸ் குடும்பத்துக்குப் போயிற்று. மூன்றே வருஷத்தில், குதிரையிலிருந்து விழுந்து கணவர் இறந்துபோனார். அப்போது அவளுக்கு வயது இருபது.

அதற்கு மறு வருஷம் பிரெஞ்சுப் புரட்சி! பிரபுக்களின் தலைகள் உருண்ட காலம் அது. புரட்சிக்காரர்கள் அவளை இரண்டு தடவை சிறையில் அடைத்தார்கள். அவள் தலையும் தப்பிற்று, தோட்டமும் தப்பிற்று. வெளியே வந்தவள் பிறந்த வீட்டை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. காரியஸ்தரைக் கூப்பிட்டுக் கணக்கைப் பார்த்தாள். 1826-ல், வேறு பலர் துணியாத காலத்தில், பெருஞ்செலவு செய்து பீப்பாய்களை வைக்கப் பெரிய மதுக்கொட்டகை கட்டினாள். 1851-ல் எண்பத்து மூன்றாம் வயதில் அவள் கண் மூடியபோது, திக்கெம் என்ற பெயர் உலகத்தின் பல அரண்மனைகளில் தெரிந்திருந்தது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். பிரபு தாமதமாக வந்து அதிசயத்தைக் கண்டதாகச் சொல்லப்படும் 1847-ல், இந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு எழுபத்தொன்பது வயது. சுமார் அறுபது அறுவடைகளைப் பார்த்தவள். ருஷ்யாவிலிருந்து வந்தவர் அவளுடைய பேரன்! பேரன் வரவில்லை என்பதற்காக அந்தப் பாட்டியம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சாட்சியும் உண்டு. 2011-ல் எழுபத்தையாயிரம் பவுனுக்கு விற்ற புட்டி எந்த வருஷத்தது? 1811. வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் தோன்றிய வருஷம் அது. இருநூறு வருஷம் தாங்கிய அந்த மதுவைத் தயாரித்தபோது தோட்டத்தின் பொறுப்பு யார் கையில் இருந்தது? அந்த விதவையின் கையில்தான். கதை சொல்லும் "கண்டுபிடிப்பு"க்கு முப்பத்தாறு வருஷங்களுக்கு முன்பு!

அவள் கணவர் இருந்த காலத்திலேயே ஒரு பெரிய மனிதர் இந்த மதுவைத் தேடி வந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியாக விளங்கிய தாமஸ் ஜெபர்ஸன் அப்போது பிரான்ஸில் தூதராக இருந்தார். 1787 மே மாதம் போர்தோவுக்கு வந்தார். அந்த வருஷக் கடைசியில் திக்கெம் மாளிகைக்கே கடிதம் எழுதி, 1784-ஆம் வருஷத்து மதுவில் இருநூற்றைம்பது புட்டிகள் வாங்கினார். தரகரிடம் போகாமல் தோட்டத்துக்காரரிடமே வாங்கினால் கலப்படம் இராது என்பது அவர் எண்ணம். 1790-ல் ஜனாதிபதி வாஷிங்டனுக்காக முப்பது டஜனும் தமக்காகப் பத்து டஜனும் சோத்தேர்ன் தருவித்தார். தலைவருக்கு முப்பது, தமக்குப் பத்து: உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இந்த விகிதாசாரம் எளிதில் விளங்கும்.

1855-ல் பாரிஸில் பெரிய கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்திக்காகப் போர்தோ தரகர்கள், நெடுநாளாக நடப்பிலிருந்த விலைகளைப் பார்த்து ஒயின்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். சிவப்பில் முதல் தரம் என்று நாலு தோட்டங்களைக் குறிப்பிட்டார்கள். இனிப்பு வெள்ளையில் முதல் தரத்துக்கும் மேலே ஒரு தனிப் படியைப் போட்டு, அதில் திக்கெம் ஒன்றை மட்டும் உட்காரவைத்தார்கள். நாலு வருஷம் கழித்து, ருஷ்யச் சக்கரவர்த்தியின் தம்பி கான்ஸ்டன்டைன் பிரபு 1847-ஆம் வருஷத்துத் திக்கெம் ஒரு தொன்னோ, அதாவது தொள்ளாயிரம் லிட்டருக்கு, இருபதாயிரம் தங்கப் பிராங்குகள் கொடுத்தார். ஊரே வாயைப் பிளந்தது. கதையில் ருஷ்யாவும் 1847-ம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டன என்பதற்கு இதிலேயே ஒரு விடை இருக்கலாம். விலை போன பொருளுக்கு விசேஷமான பிறவி வேண்டும் அல்லவா?

இத்தனை பாடுபட்டு உண்டாக்கியதை எப்படி ருசிப்பது? அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதிகமாகக் குளிரவைக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும். பனிக்கட்டி போல் ஆக்கிவிட்டால் வாசனை எல்லாம் உள்ளேயே முடங்கிவிடும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. முதலில் நிறத்தைப் பார்க்கவேண்டும். இளமையில் வைக்கோல் மஞ்சள். பத்து இருபது வருஷத்தில் பசும்பொன். ஐம்பது வருஷத்தில் ஆம்பர் மணி. இன்னும் முதிர்ந்தால் தேக்குப் பலகை. அடுத்தது வாசனை. அதற்குப் பிறகுதான் நாக்கு. ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி சற்று நேரம் நிறுத்தி, மெல்ல விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு உடனே பேசக்கூடாது. ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல வித்வான் ஆலாபனையை முடித்து, தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்த ஒரு கணத்தில் யாராவது இருமினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் கணத்தைப் போன்றதுதான் இதுவும்.

இதை எல்லாம் புத்தகத்தில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. பாதாமி என்கிறார்கள், தேன் என்கிறார்கள், ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ, வறுத்த வாதுமை என்று மளிகைக் கடைச் சீட்டையே வாசிக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு நண்பர் பழைய சோத்தேர்னில் இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். தேனும் பழமும் எனக்கும் தெரிந்தன. அவற்றின் அடியில் வேறொரு வாசனை, சமையலறையில் தினமும் பழகின வாசனை. பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பிறகு ரசாயன நூல் ஒன்றில் விடை கிடைத்தது. சோடோலோன் என்ற ஒரு வஸ்து இந்த மதுவில் இருக்கிறது. நமது வெந்தயத்துக்கு அதன் வாசனையைக் கொடுப்பதும் அதே வஸ்துதான்! பிரெஞ்சுப் பிரபுக்களின் கிண்ணத்திலும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் ஒரே வாசனை குடியிருக்கிறது.

இனிப்பு என்றவுடன் சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளக் கூடாது. பிழிந்த சாற்றைப் பீப்பாயில் விட்டால் அது தானாகப் புளிக்கிறது. ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகின்றன. சாராயம் பதின்மூன்று பதினாலு சதவிகிதம் ஆனதும் அதிலேயே மயங்கி ஓய்ந்துவிடுகின்றன. லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை மீதி நிற்கிறது. அது திகட்டாமல் இருப்பது புளிப்பினால்தான். எலுமிச்சை பிழியாத பானகம் எப்படி இருக்கும்? புளிப்புக் குறைந்த சோத்தேர்னும் அப்படித்தான் இருக்கும். வெறும் தித்திப்பை மெச்சுவது பெரிய ரஸனை அல்ல. தித்திப்புக்கும் புளிப்புக்கும் இடையே நடக்கும் இழுபறியைத்தான் ரஸிகர்கள் கவனிக்கிறார்கள்.

எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜிலேபி தின்றுவிட்டுக் காபி குடித்தால், சர்க்கரை போட்ட காபியும் கசக்கும். அதே போல, மதுவைவிட இனிப்பான பண்டத்தைத் தின்றுவிட்டு இதைப் பருகினால் மது வெளிறிப்போகும். ஆகவே கெட்டிக்காரர்கள் உப்பும் காரமும் உள்ள ரோக்ஃபோர் என்ற பாலாடைக் கட்டியோடு இதைச் சேர்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டிக்குள் நீலநிறமாக ஓடுவதும் பூசணந்தான். ஒரு பூசணத்தை இன்னொரு பூசணத்துக்குத் துணை சேர்த்து விருந்தை முடிக்கிறார்கள்.

புகழுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இனிப்பு மதுவின் மேல் ஜனங்களுக்கு மோகம் குறைந்தது. ஐந்து தடவை பறித்து ஒரு கிண்ணம் எடுப்பவன், ஒரே தடவை பறித்துப் புட்டி நிரப்புகிறவனோடு எப்படிப் போட்டி போடுவான்? சோத்தேர்னில் பல தோட்டக்காரர்கள் நொடித்தார்கள். சிலர் இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்குத் திரும்பினார்கள். திக்கெம் மாளிகையிலும் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் மூண்டது. 1996-ல் குடும்பத்தினர் பலர் தங்கள் பங்குகளைப் பெரிய வியாபார நிறுவனமான எல்.வி.எம்.எச்.சுக்கு விற்றார்கள். வழக்கு நடந்து, 1999-ல் சமாதானம் ஆயிற்று. சிறைக்குப் போயும் ஓர் இளம் விதவை விடாமல் காத்த தோட்டம், அவள் காலடி வைத்து இருநூறு வருஷங்களுக்குச் சற்று அதிகமான பிறகு, அவள் வம்சத்தின் கையை விட்டுப் போயிற்று.

கைமாறியது சொத்துத்தான்; வேலை மாறவில்லை. இன்றைக்கும் அக்டோபர் மாதத்தில் சிரோன் ஆற்றின் பக்கம் பனி எழும்புகிறது. பனி விலகினதும் கத்தரியும் கூடையுமாக ஆட்கள் கொடி வரிசைகளுக்குள் இறங்குகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஒரு குலையைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்க்கிறாள் ஒருத்தி. இந்தப் பழம் பக்குவம். இதற்கு இன்னும் மூன்று நாள் வேண்டும். இது உத்தமமான அழுகல் இல்லை, வெறும் அழுகல், கீழே போடு. இவ்வளவையும் அவள் கண்ணும் விரலும் ஒரு கணத்தில் தீர்மானிக்கின்றன. இந்தத் தீர்மானம் எந்தப் பிரபுவும் பிரயாணத்திலிருந்து திரும்பி வந்து சொல்லிக் கொடுத்தது அல்ல. அவளுக்கு முன்னால் அதே வரிசையில் குனிந்து வேலை செய்தவர்கள், பெயர் எழுதிவைக்காமல் விட்டுப்போனது. 1666-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் "வழக்கம்" என்று ஒரே வார்த்தையில் குறித்திருப்பது அவர்களைத்தான். வழக்கில் என் தீர்ப்பு அவர்கள் பக்கமே.